பழைய ஆங்கிலத்தில் 'கிரேஃப்ட்': பலமா, திறமையா, அறமா, தந்திரமா?

வெண்சங்கு:

நான்கு மாதமாகப் பழைய ஆங்கிலம் படித்துக்கொண்டிருக்கிறேன். ஷேக்ஸ்பியர் கால ஆங்கிலத்தைச் சொல்லவில்லை. அதற்கும் ஐந்நூறு, அறுநூறு ஆண்டு முந்தையது, 1066-இல் நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடிப்பதற்கு முன்னால் அங்கே புழங்கிய மொழி. இலக்கணம் ஓரளவு பிடிபட்டுவிட்டது, வேற்றுமை உருபு நம் மொழியிலும் இருப்பதால் அது பெரிய தொல்லையாகத் தெரியவில்லை. ஒரே ஒரு சொல்தான் என்னைப் படுத்துகிறது.

'கிரேஃப்ட்' என்ற சொல். இன்றைய 'கிராஃப்ட்'டின் மூத்த வடிவம். (நடுவில் வரும் உயிரொலி உண்மையில் 'ஏ' இல்லை, ஆங்கிலேயர்கள் 'ஆப்பிள்' என்று சொல்லும்போது முதலில் வருகிற ஒலி. நம் எழுத்தில் அதைக் காட்ட வழியில்லாததால் இப்படி எழுதுகிறேன்.) பேயோவுல்ஃப் காவியத்தில் நாயகனின் கைப்பிடிக்கு முப்பது ஆள் 'கிரேஃப்ட்' என்று வருகிறது, அங்கே அது உடல்பலம். மருத்துவ நூலில் 'லேச்சே-கிரேஃப்ட்', அங்கே வைத்தியம். அதே காவியத்தில் கிரெண்டல் என்ற அரக்கனின் கையுறையைச் சாத்தானின் 'கிரேஃப்ட்'களாலும் டிராகன் தோலாலும் செய்தார்கள் என்கிற வரி, அங்கே மாயமோ தந்திரமோ. இவ்வளவும் போகட்டும் என்று பார்த்தால், ஆல்ஃப்ரெட் மன்னர் பெயரில் வழங்கும் ஒரு மொழிபெயர்ப்பில் ஞானமே எல்லாவற்றிலும் உயர்ந்த 'கிரேஃப்ட்' என்று எழுதியிருக்கிறது! அதோடு விடவில்லை, அந்த ஞானத்துக்குள் இன்னும் நான்கு 'கிரேஃப்ட்'கள் அடக்கமாம்: முன்யோசனை, மிதம், துணிவு, நீதி.

பலம், வைத்தியம், மாயம், அறம். இதெல்லாம் ஒரே சொல்லா, அல்லது ஒரே மாதிரி ஒலிக்கும் வேறு வேறு சொற்களா? ஒரே சொல்தான் என்றால் படிக்கும்போது மனதில் எதை வைத்துக்கொண்டு படிப்பது? ஒவ்வொரு தடவையும் அகராதியைப் புரட்டி ஒரு பொருளை எடுத்து ஒட்டவைக்கிறேன், அந்தக் காலத்து ஆள் அப்படியா படித்திருப்பார்?

நூற்கண்டு:

ஒரே சொல்தான், சந்தேகமே வேண்டாம். ஆங்கில மொழி வரலாறு கற்பிக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், மாணவர்கள் தடுக்கி விழும் முதல் இடமே இதுதான், காரணம் அவர்கள் இன்றைய 'கிராஃப்ட்'டிலிருந்து பின்னோக்கி நடக்கிறார்கள். கைவினை என்று தொடங்கினால் முப்பது ஆள் பலத்துக்குப் போய்ச்சேர வழியே இல்லை.

மறுமுனையிலிருந்து வாருங்கள். இந்தச் சொல்லுக்கு உடன்பிறப்புகள் இருக்கின்றன. ஜெர்மனில் 'கிராஃப்ட்', ஸ்வீடிஷிலும் அதே, டச்சில் 'க்ராஹ்ட்', ஐஸ்லாந்தில் 'கிராஃப்டுர்'. எல்லாவற்றுக்கும் இன்றுவரை பொருள் ஒன்றுதான்: சக்தி, பலம். ஜெர்மனில் மின்நிலையத்துக்குப் பெயர் 'கிராஃப்ட்வெர்க்'. ஆக முதலில் இருந்தது பலம். ஆங்கிலத்தில் மட்டும் அது 'ஒரு காரியத்தைச் செய்து முடிக்கிற பலம்' என்று நகர்ந்து, அங்கிருந்து 'செய்யத் தெரிந்திருப்பது' என்று விரிந்தது.

இது நமக்கு அந்நியமான நகர்வே இல்லை. 'வல்' என்ற வேரை எடுத்துக்கொள்ளுங்கள். வலிமை என்றால் பலம். வல்லவன் என்றால் பலசாலி என்றா நினைக்கிறோம்? கைதேர்ந்தவன். வல்லுநர் என்றால் துறை அறிந்தவர், அவரால் ஒரு மூட்டையைத் தூக்க முடியாமல்கூட இருக்கலாம். குறளில் ஓர் அதிகாரத்தின் பெயரே 'சொல்வன்மை'. அதில் வன்மை இருக்கிறது, ஆனால் நாம் முரட்டுத்தனமாகப் பேசுவது என்று எடுத்துக்கொள்வதில்லை, சொல்லை ஆளும் திறன் என்றே எடுத்துக்கொள்கிறோம். யாரும் அகராதியைப் புரட்டுவதில்லை.

பழைய ஆங்கிலக் கூட்டுச்சொற்களை அப்படியே இந்த அச்சில் வைத்துப் பாருங்கள். 'ஸ்டேஃப்-கிரேஃப்ட்' எழுத்துவன்மை, அதாவது இலக்கணம். 'ரீம்-கிரேஃப்ட்' எண்வன்மை, கணக்கு. 'துங்கோல்-கிரேஃப்ட்' விண்மீன்வன்மை, வானியல். நீங்கள் சொன்ன 'லேச்சே-கிரேஃப்ட்' மருத்துவன் வன்மை. கடல் அறிந்தவன் 'லகு-கிரேஃப்டிக்', காவிய நாயகன் பேயோவுல்ஃபின் கூட்டத்தைக் கரைக்கு வழிகாட்டிக் கொண்டுபோகிறவனைப் பற்றி இப்படி வருகிறது, அங்கே 'லகு' என்றால் நீர், கடல். எனக்கு ரொம்பப் பிடித்தது ஏல்ஃப்ரிக் என்ற துறவி கி.பி. 1000-ஐ ஒட்டி லத்தீன் இலக்கணத்தை ஆங்கிலத்தில் எழுதியபோது முன்னுரையில் வைத்த வரி: ஸ்டேஃப்-கிரேஃப்ட் என்பது நூல்களின் பொருளைத் திறக்கும் சாவி. இலக்கணத்தை விதிகளின் பட்டியலாகப் பார்க்காமல் ஒரு வன்மையாகப் பார்த்த ஆள்தான் இப்படி எழுத முடியும்.

இன்னொன்று. இந்தக் குணம் மனிதனுக்கு மட்டும் உரியதும் இல்லை. அதே காவியத்தில் ஹ்ருண்டிங் என்ற வாளை நாயகன் திருப்பிக் கொடுக்கும்போது 'போரில் கிரேஃப்ட் உள்ளது' என்று பாராட்டுகிறான். வாளுக்கு என்ன திறமை, என்ன அறம்? அதனிடம் இருப்பது செயலாற்றும் ஆற்றல். அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வரிசைப்படும்.

பழுப்புத்தாள்:

மொழி எனக்குத் துறை இல்லை, அட்டைப்பெட்டித் தொழிலில் இருக்கிறேன், ஆனால் மேலே நூற்கண்டு எழுதியதைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். நாங்கள் நாள் முழுக்கக் கையாளும் 'கிராஃப்ட் பேப்பர்' இருக்கிறதே, அந்தப் பழுப்புத் தாள், அதற்கும் கைவினைக்கும் சம்பந்தம் கிடையாது. பள்ளியில் பிள்ளைகள் கைவேலை செய்கிற தாள் என்று வாடிக்கையாளர்கள் பலர் நினைக்கிறார்கள். அது ஜெர்மன் 'கிராஃப்ட்', பலம். ஆங்கிலத்தில் எழுதும்போதும் முதல் எழுத்து 'கே', கைவினைக்கு வரும் 'சி' இல்லை. 1879-இல் கார்ல் டால் என்பவர் டான்சிக் நகரில் கண்டுபிடித்த கூழ் தயாரிப்பு முறை, மரத்தின் நார் அதிகம் சிதையாமல் வருவதால் தாள் கிழியாது, அதனால்தான் பலத்தாள் என்று பெயர்.

ஒரே சொல், ஒரு கிளை திறமை பக்கம் போய்விட்டது, இன்னொரு கிளை பலமாகவே நின்றுவிட்டது, ஆயிரம் ஆண்டு கழித்து அந்தப் பலம் ஒரு தாளின் பெயராக ஆங்கிலத்துக்கே திரும்பி வந்திருக்கிறது. இத்தனை ஆண்டு தொழிலில் இருந்தும் இந்தத் தொடர்பு இன்றுதான் எனக்குத் தெரிந்தது, நன்றி.

வெண்சங்கு:

'சொல்வன்மை' கண்ணைத் திறந்துவிட்டது. பலமும் திறமையும் இப்போது ஒட்டிக்கொண்டன. ஆனால் ஆல்ஃப்ரெட் விஷயம் இன்னும் உறுத்துகிறது. நீதியும் மிதமும் எப்படி 'வன்மை' ஆகும்? திறமைசாலி நல்லவனாக இருக்கவேண்டும் என்று கட்டாயம் இல்லையே. அப்புறம் இன்னொரு கேள்வி, இவ்வளவு உயரத்தில் இருந்த சொல் எப்படித் தந்திரம், சூது, சூனியம் என்று இறங்கியது? இன்றைக்கு ஒருவரை 'கிராஃப்டி' என்றால் அது வசவு.

நீர்முள்ளி:

ஆல்ஃப்ரெட் பற்றி நான் சொல்கிறேன், எனக்கு மிகவும் நெருக்கமான பகுதி அது.

முதலில் அது என்ன நூல் என்று பார்ப்போம். ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போயீத்தியஸ் என்ற ரோமானிய அறிஞர், சிறையில் மரணத்தை எதிர்பார்த்துக்கொண்டு, தத்துவம் ஒரு பெண்ணாக வந்து தன்னைத் தேற்றுவதாக எழுதியது. லத்தீன் மூலத்தில் அறத்துக்கு வரும் சொல் 'விர்டூஸ்'. இதன் வேர் 'விர்', ஆண் என்று பொருள். ஆண்மை, போர்க்களத் துணிவு என்று இருந்த சொல்தான் பிறகு நற்குணம், அறம் என்று வளர்ந்தது. ஆங்கிலத்தில் இதைக் கொண்டுவர உட்கார்ந்தவருக்கு, பலமும் வேண்டும், உயர்ந்த குணம் என்பதும் வேண்டும். கையில் இருந்த சொற்களில் இரண்டையும் தாங்கக்கூடியதாக 'கிரேஃப்ட்' கிடைத்திருக்கிறது. நான் இதை ஒரு மொழிபெயர்ப்பாளரின் துணிச்சல் என்றே பார்க்கிறேன், ஏனென்றால் அறம் என்ற பொருள் இந்தச் சொல்லில் அவ்வளவு அழுத்தமாக வருவது ஆல்ஃப்ரெட் வட்டத்து எழுத்துகளில்தான்.

வெண்சங்கு, நீதி எப்படி வன்மை ஆகும் என்று கேட்டீர்கள். வள்ளுவரிடம் கேளுங்கள். 'பிறன்மனை நோக்காத பேராண்மை சான்றோர்க்கு அறனொன்றோ ஆன்ற ஒழுக்கு.' ஆண்மை என்ற பலத்தைக் குறிக்கும் சொல்லை எடுத்து, பேராண்மை என்று பெருக்கி, தன்னை அடக்கிக்கொள்வதன் மேல் வைக்கிறார், அடுத்த மூச்சிலேயே அது அறம் மட்டுமா, நிறைந்த ஒழுக்கமும் கூட என்கிறார். லத்தீன் 'விர்டூஸ்' பல நூற்றாண்டு நடந்த தூரத்தை ஒரே குறள் கடந்துவிடுகிறது. மிதம் என்பது தன்மேல் தனக்கு இருக்கும் பலம். அப்படிப் பார்த்தால் அது கிரேஃப்ட்தான்.

அந்த நூலில் ஆல்ஃப்ரெட் தானாகச் சேர்த்த ஒரு பகுதி இருக்கிறது, லத்தீனில் இல்லை. கருவியும் மூலப்பொருளும் இல்லாமல் எந்த மனிதனும் தன் கிரேஃப்ட்டை வெளிக்காட்டவும் முடியாது, எந்த ஆட்சியையும் நடத்தவும் முடியாது என்று மன்னர் பேசுகிறார். அவருடைய கருவிகள் யார் தெரியுமா? வழிபடுகிறவர்கள், போரிடுகிறவர்கள், உழைக்கிறவர்கள், இந்த மூவகை மக்கள். அப்புறம் சொல்கிறார், ஞானம் இல்லாவிட்டால் எந்தக் கிரேஃப்ட்டும் எந்த அதிகாரமும் சீக்கிரம் பழையதாகி, பேசுவாரற்றுப் போய்விடும். 871 முதல் 899 வரை ஆண்டவர், அதில் பெரும்பகுதி டேனியர்களோடு போரும் போருக்கான ஏற்பாடும். அந்த மனிதரின் காலத்தில் இப்படி ஒரு வாக்கியம் எழுதப்பட்டது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது. இதில் வரும் கிரேஃப்ட்டுக்கு அகராதியிலிருந்து ஒரே பொருளை எடுக்கச் சொன்னால் என்னால் முடியாது. அரசாளும் திறமை, பலம், அரசனுக்குரிய நற்குணம், அவன் தொழில், நான்குமே அந்த இடத்தில் உயிரோடு இருக்கின்றன.

நூற்கண்டு:

இறங்கிய கதைக்கு வருகிறேன். 1066-க்குப் பிறகு ஆள்கிறவர்களின் மொழி பிரெஞ்சு. அங்கிருந்து வந்த சொற்கள் ஒவ்வொன்றாகக் கிரேஃப்ட்டின் அறைகளைப் பிடித்துக்கொண்டன. பலத்துக்கு 'ஃபோர்ஸ்', 'பவர்'. அறத்துக்கு 'வர்ச்சூ', அதாவது ஆல்ஃப்ரெட் வட்டம் பாடுபட்டு மொழிபெயர்த்த அதே லத்தீன் சொல், இப்போது நேராகவே உள்ளே வந்துவிட்டது. எழுத்துவன்மை போய் 'கிராமர்', மருத்துவத்துக்கு 'மெடிசின்', உயர்ந்த கலைக்கு 'ஆர்ட்'. மிச்சம் நின்றவை கையால் செய்யும் தொழில்கள், அப்புறம் சூனியம், சூது. 'விட்ச்கிராஃப்ட்' இன்றும் அப்படியே இருக்கிறது, பழைய 'விச்சே-கிரேஃப்ட்' தான் அது. பணக்கார உறவினர்கள் வந்து மேல்மாடியை எடுத்துக்கொள்ள, வீட்டுக்காரர் பின்கட்டுக்குப் போன மாதிரி.

சாய்மரம்:

கதை அழகாக இருக்கிறது, ஆனால் இவ்வளவு நேர்கோடாக ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை, இரண்டு இடத்தில் மாற்றுக்கருத்து.

முதலாவது, தந்திரம் என்ற பொருளைப் பிரெஞ்சு கொண்டுவரவில்லை. வெண்சங்கு காட்டிய அந்தக் கையுறை வரியைப் பாருங்கள், சாத்தானின் கிரேஃப்ட்கள். பேயோவுல்ஃபின் கையெழுத்துப் பிரதியே ஏறத்தாழ கி.பி. 1000-ஐச் சேர்ந்தது, நார்மானியர் வருவதற்கு முன். இருட்டுப் பக்கம் ஆரம்பத்திலேயே உள்ளே இருந்தது. இரண்டாவது, 1066 முடிந்ததும் சொல் கீழே போய்விடவும் இல்லை. ஆங்கிலக் கவிஞர் சாசர் பதினான்காம் நூற்றாண்டின் பின்பகுதியில், வாழ்வோ இவ்வளவு குறுகியது, கற்கவேண்டிய 'கிராஃப்ட்'டோ இவ்வளவு நீண்டது என்று ஒரு கவிதையைத் தொடங்குகிறார். மருத்துவர் ஹிப்போகிரட்டீஸின் பெயரால் வழங்கும் பழமொழி அது, லத்தீனில் 'ஆர்ஸ்' என்று வரும் இடம். 'ஆர்ட்' ஆங்கிலத்துக்குள் வந்த பிறகும் சாசர் கை 'கிராஃப்ட்'டைத்தான் எடுத்தது. அவர் அங்கே பேசுவது காதலைப் பற்றி, அதில் தந்திரமும் இல்லை, தச்சுவேலையும் இல்லை.

திறமைச் சொற்கள் சூதுச் சொற்களாக மாறுவதற்கு வேற்றுமொழிப் படையெடுப்பு தேவையே இல்லை என்பது என் எண்ணம். ஆங்கில 'கன்னிங்' முதலில் அறிவு என்றுதான் பொருள்பட்டது. 'ஸ்லை' முதலில் கைதேர்ந்தவன். நம்மிடமும் பாருங்கள், 'சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்' என்று குறள் தொடங்கும்போது சூழ்ச்சி என்றால் ஆலோசனை, ஆராய்ந்து எண்ணுவது. இன்றைக்குச் சூழ்ச்சி செய்தான் என்றால் சதி செய்தான். வித்தை என்றால் கல்வி, ஆனால் 'என்னிடமே வித்தை காட்டுகிறாயா' என்று கேட்கும்போது? தனக்குத் தெரியாததை இன்னொருவன் செய்துகாட்டும்போது, பார்க்கிறவனுக்கு வியப்பு பாதி, பயம் பாதி. அந்தப் பயத்திலிருந்துதான் இந்தப் பொருள்கள் முளைக்கின்றன என்று நினைக்கிறேன்.

ஒரு சின்ன எச்சரிக்கையும். 'வல்' ஒப்பீடு நன்றாக வேலை செய்கிறது, ஆனால் அகராதியில் வல் என்பதற்குச் சூதாடு கருவி என்றும் ஒரு பொருள் உண்டு. அதைப் பார்த்துவிட்டு ஆகா, பலம், திறமை, சூது எல்லாம் தமிழிலும் ஒரே வேர் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். ஒலி ஒன்றாக இருப்பதால் மட்டும் வேர் ஒன்று ஆகிவிடாது, அதற்குத் தனியே சான்று வேண்டும்.

நூற்கண்டு:

சாய்மரம், சாசர் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, நான் இரண்டு மூன்று நூற்றாண்டை ஒரே பத்தியில் சுருக்கிவிட்டேன். மெல்ல மெல்ல நடந்தது. தந்திரமும் முன்பே இருந்தது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மற்ற உயர்ந்த பொருள்கள் விலகியதால்தான் அந்த இருட்டு இவ்வளவு துலக்கமாகத் தெரிந்தது என்பதில் உறுதியாக இருக்கிறேன். 'கிராஃப்டி' என்ற சொல்லின் பழைய வடிவம் 'கிரேஃப்டிக்', அதற்கு வலிமையானவன், கைதேர்ந்தவன் என்ற பொருளெல்லாம் இருந்தது. இன்று தந்திரக்காரன் மட்டும்தான் மிச்சம். மற்ற பொருள்கள் எங்காவது போயிருக்கவேண்டும் அல்லவா.

கைத்தொழில் என்ற பொருளைத் தாழ்வாகவும் நினைத்துவிடக் கூடாது. ஏல்ஃப்ரிக்கின் உரையாடல் பாடம் ஒன்று உண்டு, மாணவர்களுக்கு லத்தீன் பேசப் பழக்குவதற்காக எழுதியது. அதன் வரிகளுக்கு மேலே யாரோ பழைய ஆங்கிலத்தில் சொல்லுக்குச் சொல் பொருள் எழுதிவைத்திருக்கிறார்கள், 'ஆர்ஸ்' வருமிடத்தில் 'கிரேஃப்ட்'. உலகத் தொழில்களில் எது முதன்மை என்று ஒரு கேள்வி. உழவு, ஏனென்றால் உழவன்தான் நம் எல்லோருக்கும் சோறு போடுகிறான் என்று பதில். உடனே கொல்லன் குறுக்கிடுகிறான், கொழு யார் அடித்துக் கொடுத்தது, என் கிரேஃப்ட் இல்லாமல் உழவன் எதை வைத்து உழுவான்? தச்சனும் சண்டைக்கு வருகிறான். அந்தப் பக்கத்தைப் படிக்கும்போது இது கீழான சொல் என்று யாருக்கும் தோன்றாது.

மிதவை:

எல்லோரும் படகை விட்டுவிட்டீர்களே! சிறு படகுகளுக்கும் 'கிராஃப்ட்' என்றுதான் பெயர், ஏர்கிராஃப்ட், ஸ்பேஸ்கிராஃப்ட் எல்லாம் அதிலிருந்துதான். கையால் செய்யும் திறமை எப்படி மிதக்க ஆரம்பித்தது? இதற்குப் பன்மையிலும் கடைசியில் 'எஸ்' சேர்ப்பதில்லை, கைவினைக்குச் சேர்க்கிறோம், அதனால் இது வேறு சொல் என்றே நினைத்திருந்தேன்.

சாய்மரம்:

அதே சொல்தான். பதினேழாம் நூற்றாண்டு எழுத்துகளில் இந்தப் பொருள் தெரிய ஆரம்பிக்கிறது, பெரும்பாலும் 'சிறிய கிராஃப்ட்' என்ற தொடராக. பரவலாகச் சொல்லப்படும் விளக்கம், 'சிறு கிராஃப்ட் கொண்ட கலங்கள்' என்று முழுசாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், அதாவது சிறிய தொழிலுக்கானவை, குறைந்த ஆற்றல் உள்ளவை, பிறகு கலம் என்ற சொல் உதிர்ந்துபோய் அடைமொழியே பெயராக நின்றுவிட்டது. அந்தச் சின்னப் படகின் பெயர்தான் பலூனுக்கு ஏறி, விமானத்துக்கு ஏறி, விண்வெளி வரை போய்விட்டது. 1959-இல் காற்றுமெத்தை மேல் ஓடும் வண்டி ஒன்று ஆங்கிலக் கால்வாயைக் கடந்தபோது அதையும் ஹோவர்கிராஃப்ட் என்றார்கள்.

நாம் ஸ்பேஸ்கிராஃப்ட்டை விண்கலம் என்கிறோம், கலம் என்றால் பாத்திரம், மரக்கலம். ஆங்கிலத்தில் உதிர்ந்துபோன அந்தச் சொல் தமிழில் தன் இடத்தில் நிற்கிறது, எனக்கு அது தனி மகிழ்ச்சி.

வெண்சங்கு:

எல்லோருக்கும் நன்றி, மூன்று நாளாக இதே நினைப்பு. நீங்கள் சொன்னதை வைத்து நேற்று இரவு மறுபடி உட்கார்ந்தேன். அகராதியை மூடிவைத்துவிட்டு, கிரேஃப்ட் வரும் இடத்திலெல்லாம் மனதில் 'வல்லமை' என்று மட்டும் வைத்துப் படித்தேன். முப்பது ஆள் வல்லமை, சரியாக விழுகிறது. வாளின் போர்வல்லமை, சரி. ஞானமே உயர்ந்த வல்லமை, அதற்குள் மிதமும் நீதியும் அடக்கம், இது அகராதி கொடுத்த 'நற்குண'த்தைவிட எனக்கு ஆழமாகப் படுகிறது. கருவியும் மூலப்பொருளும் இல்லாமல் எவனும் தன் வல்லமையைக் காட்ட முடியாது, இதுவும் நிற்கிறது. மருத்துவ நூலில்தான் கொஞ்சம் தள்ளாடுகிறது, ஒரு தனி மருந்துக் குறிப்பையே 'லேச்சே-கிரேஃப்ட்' என்று சொல்லும் இடங்கள் இருக்கின்றன, அங்கே வல்லமை என்று எழுதினால் யாருக்கும் விளங்காது, வைத்தியம் என்றே போட்டுவிட்டேன்.

கையுறை வரியில் மட்டும் நின்றுகொண்டிருக்கிறேன். 'சாத்தானின் வல்லமைகளாலும் டிராகன் தோலாலும்' என்றால் அந்தக் கையுறையைத் தைத்த கைவேலை தெரியவில்லை, 'மாயங்களாலும்' என்றால் பலம் போய்விடுகிறது. சாய்மரம் சொன்ன 'வித்தை'யைப் போட்டுப் பார்த்தேன்: சாத்தானின் வித்தைகளாலும் டிராகன் தோலாலும் ஆனது. இப்போதைக்கு இதையே வைத்திருக்கிறேன், யாருக்காவது இதைவிட நல்லது தோன்றினால் எழுதுங்கள்.